மகளின் வரி விலாசம்

என் மகள் முதல் மாதச் சம்பளம் எடுத்த அன்று நான் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அவள் வேலை செய்யும் கடைக்குப் போய் நின்றேன். அவளுடைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வழக்கம் அப்படி. சம்பள நாளில் ஆபிசுக்கு முன்னால் இருக்கிற பெரட்டுக்களத்தில் ஆம்பிளைகள்தான் வரிசையில் நிற்போம். வீட்டுக்காரியின் சம்பளம், வேலைக்குப் பேர் பதிந்த பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் குடும்பத் தலைவன் கைக்குத்தான் வரும். என் அப்பா என் சம்பளத்தை அப்படித்தான் வாங்கினார். நான் கல்யாணம் முடித்த மாதம் முதன்முதலாக என் சம்பளம் என் கைக்கு வந்தது. கூடவே என் வீட்டுக்காரியின் சம்பளமும் வந்தது. அரிசி போட்டாலும் குடும்பத்துக்கு என்று போடுவார்கள். கம்பளி கொடுத்தாலும் குடும்பத்துக்கு என்று கொடுப்பார்கள். லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், காம்பரா என்கிற ஒற்றை அறை கொடுப்பதும் குடும்பத்துக்குத்தான். தனி ஆளாக ஒருத்தனை எங்கேயும் எண்ணி நான் பார்த்ததில்லை.

கடை ஹட்டன் டவுனில் இருக்கிறது. ஆணி, பூட்டு, தகரம், பெயின்ட் எல்லாம் விற்கிற கடை. மொதலாளியின் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான இடம். என் மகள் அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை. மொதலாளி என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னண்ணே, பூட்டு வாங்க வந்தீங்களா?"

"இல்லங்க மொதலாளி. புள்ள சம்பளம்."

"புள்ள சம்பளத்துக்கு என்னா?"

"வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தராசுக்குப் பக்கத்தில் நின்ற வேலையாள் பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"அண்ணே, இது என்னா பெரட்டுக்களமா, வரிசையில நின்னு வாங்குறதுக்கு? சம்பளம் காலையிலயே பேங்குக்குப் போயிருச்சு. அவுங்க பேருல."

"எவுங்க?"

"ஒங்க மகதாண்ணே. வேற யாரு."

என் பிள்ளையை அவர் 'அவுங்க' என்று சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. மகள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். மொதலாளி இஞ்சி போட்ட தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து என்னை பஸ்ஸுக்கு அனுப்பினார். அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு பேங்க் அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். "வச்சுக்கங்கப்பா" என்றாள். எழுத்தே தெரியாத நான் அந்த மிஷினுக்கு முன்னால் நின்று என்ன செய்வேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் எனக்குப் பிந்திப் பிறந்த பிள்ளை. மூத்தவன்கள் இரண்டு பேரும் தலைக்கு மேல் வளர்ந்து நின்றபோது பிறந்தாள். ஒருத்தன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனான், மற்றவன் கட்டாருக்குப் போனான். இரண்டு பேரும் அங்கங்கே குடும்பமாகிவிட்டார்கள். அவளுடைய அம்மா, அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு காம்பராவில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வாரத்தில் ஐந்து நாள் கடைக்குப் போவாள். சனி ஞாயிறு ஹட்டனிலேயே வகுப்பு. கணக்குப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பட்டப்படிப்பு என்றாள். பனி விலகும் முன்னே முதல் பஸ்ஸுக்கு இறங்கிவிடுவாள். திரும்பி வரும்போது லயத்தில் லைட் போட்டிருக்கும். வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் பார்த்தது பௌர்ணமி லீவு விடுகிற போயா நாட்களில்தான்.

பகலில் லயம் எப்படி இருக்கும் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. நானும் வேலை செய்த காலத்தில் தெரியாமல்தான் இருந்தேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு கோழிகளும் நாய்களும் என்னைப் போல ரிட்டயர் ஆனவர்களும்தான் மிச்சம். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பு கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்கும்போது வாய் ஓயாமல் பேசுவோம். தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டிக்கொண்டே ஊர்க் கதை எல்லாம் பேசுவோம். அந்த வாய் இப்போது ரேடியோவுக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டது. அறிவிக்கிற பெண் 'வணக்கம்' சொன்னால் நானும் 'வணக்கம்மா' என்பேன்.

ஒரு நாள் சாயந்தரம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்.

"அப்பா, கடைக்கு ஆடிட்டர் வந்தாரு. எல்லாரும் வருமான வரிக்கு ஒரு நம்பர் எடுக்கணுமாம். பதினெட்டு வயசு தாண்டுனா பதியணும்."

"படிக்கிற புள்ளைக்குமா?"

"படிச்சாலும் பதியணும்."

"அப்பா வீட்டுல இருக்குற புள்ளைக்குமா?"

"யாரு வீட்டுல இருந்தாலும்தான். காசு ஒன்னும் கட்ட வேணாம்பா. என் சம்பளத்துக்கெல்லாம் வரி வராது. சும்மா பேரைப் பதிஞ்சு வைக்கணும், அம்புட்டுத்தான்."

சும்மா பேரைப் பதிவது என்று அவள் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. கட்டவேண்டிய காசு என்றால்கூட எனக்குப் பயமில்லை. காசு என்றால் கட்டிவிட்டுப் போகலாம்.

என் அண்ணன் பேர் பதிந்துதான் போனான். எங்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று பிரித்த காலம் அது. குடும்பம் குடும்பமாகத்தான் மனு எழுதினார்கள். அண்ணன் கல்யாணம் முடித்திருந்ததால் அவன் தனிக் குடும்பம். நான் முடிக்காததால் அப்பாவோடு சேர்த்தி. அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. எங்கள் குடும்பத்துக்கு எதுவும் வரவில்லை, அப்படியே இருந்துவிட்டோம். ஒரே காம்பராவில், நடுவில் சாக்கைக் கட்டி மறைத்து இருந்த ஆட்கள் நாங்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேண்டா, எறக்கிரு" என்று சொன்னான். பால் ஒன்றும் வைக்கவில்லை. அழக்கூடாது என்பதற்காக ஏதோ சொல்லியிருக்கிறான். நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தேன்.

அவன் போட்ட கடிதங்கள் எல்லாம் அந்த ஆணிக் கடை விலாசத்துக்குத்தான் வந்தன. தோட்டத்து விலாசத்துக்குப் போட்டால் ஆபிஸ் மேசையில் கிடந்து, தப்பால்காரர் பையில் கிடந்து, யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. லயத்தில் இருக்கிற எங்களுக்கு வீட்டு நம்பர் ஏது. தோட்டத்தின் பேரும் டவுனின் பேரும்தான் எல்லாருக்கும் விலாசம். அதனால் பாதித் தோட்டம் டவுன் கடைகளின் விலாசத்தில்தான் வாழ்ந்தது. மொதலாளியின் அப்பா கடிதத்தை வாசித்துச் சொல்வார். பிறகு கடிதம் வருவது நின்றுபோனது. எதற்கு நின்றது என்று கேட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லவில்லை. "பேரைப் பதிஞ்சா எங்கயாச்சும் அனுப்பிருவாங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவள் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டபடி என்னைப் பார்த்தாள். "எங்கப்பா அனுப்பப் போறாங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அடுத்த காம்பராவில் ஒரு பழைய கங்காணி இருக்கிறார். என் வயது. எனக்கு முறையில் மச்சான். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியில் நின்றுவிடும். அதனால் அவர் வீட்டுப் பேச்சு எங்களுக்கும் எங்கள் பேச்சு அவருக்கும் கேட்கும். மறுநாள் காலையில் அவர் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்னத் தாழ்வாரத்தில், பல் விளக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், அந்தப் பதிவுக்குப் போறீங்களே, புள்ள ஒன்கூட இருக்குன்னு மட்டும் வாயத் தொறக்காத."

"ஏன், என்கூடதானே இருக்கு."

"இருக்கட்டும். நீயும் நானும் அரசாங்கத்துல கெழவன் காசு எடுக்குறோமா இல்லையா? சம்பளக்காரி ஒருத்தி வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சா ஒனக்கு அது நின்னுரும். கடை விலாசத்தைக் குடுக்கச் சொல்லு. கடையில தங்கி வேலை செய்யுதுன்னு சொல்லிட்டுப் போயிரு."

"பொய்யி சொல்லச் சொல்றியா?"

"பொய்யின்னு எவன் சொன்னான். பகல் பூரா கடையிலதானே இருக்கு. ராத்திரிக்குத் தூங்க இங்க வருது."

வாயைக் கொப்பளித்துவிட்டு அவரே சிரித்தார். உள்ளே மகள் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது எனக்குக் கேட்டது.

முதியோருக்கு வருகிற அந்தக் காசு எனக்குப் பெரிய காசுதான். மருந்துக்கும் வெற்றிலைக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருந்தேன் என்றால் அதனால்தான். மகளிடம் கேட்டால் தராமல் இருக்க மாட்டாள். ஆனால் கேட்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று.

டவுனில் ஒரு மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். வரி ஆபிசிலிருந்து ஆட்கள் வந்து அங்கேயே பதிந்து கொடுக்கிறார்கள் என்று மொதலாளி என் மகளுக்கு அரை நாள் லீவு கொடுத்தார். நானும் கிளம்பினேன். "நீங்க எதுக்குப்பா, மழையில" என்றாள். குடும்பத் தலைவன் இல்லாமல் ஒரு பதிவா என்று நினைத்துக்கொண்டு நான் என் அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைக் காகிதம், சேமலாபக் காசு எடுத்த துண்டு எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண் பிள்ளை இருந்தார். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். நல்ல முகம். நான் பையை மேசையில் வைத்து, காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அவர் தமிழில் பேசினார்.

"சீயா, நீங்க இல்ல. இந்த நங்கி மட்டும்தான்."

சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா, நங்கி என்றால் தங்கச்சி. என் மகளுக்கு என்னைத் தாத்தா என்று எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பழக்கம்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"நான் அப்பாங்க. குடும்பத் தலைவன் நான்தான்."

"சாரி. ஆனா அப்பா, வரிக்கு குடும்பத் தலைவர் இல்ல. ஒவ்வொரு ஆளும் வேற வேற."

"ஒரே வீட்டுல இருந்தாலுமா?"

"ஒரே வீட்டுல இருந்தாலும். அப்பாட சல்லி அப்பாவுக்கு. மகள்ட சல்லி மகளுக்கு. ரெண்டையும் சேக்குறது இல்ல."

"சோத்துக்கு ஒலை ஒன்னுதாங்க வைக்கிறோம்."

அவர் சிரித்துவிட்டு, "ஒலைக்கு வரி இல்ல" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மகள் என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அங்கே உட்கார்ந்து கேட்டதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே சம்பளம் எடுக்கிறவர்களுக்கு இப்போது வரி இல்லை. மகளின் சம்பளம் அதில் பாதிகூட வராது. ஆனாலும் நம்பர் எடுத்து வைக்க வேண்டும். படிக்கிறவள் என்பதால் விதி மாறாது, அப்பா வீட்டில் இருப்பதாலும் மாறாது. சம்பளம் மட்டும் இல்லை, வேறு எந்த வழியில் காசு வந்தாலும் அவளுடைய கணக்கில் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

"வேற வருமானம் ஏதும் இருக்கா?" என்று அந்தப் பிள்ளை கேட்டார்.

"ஒன்னும் இல்லைங்க" என்றேன் நான்.

"இருக்கு" என்றாள் மகள். "பேங்குல ஒரு நிலையான வைப்பு. அதுக்கு வட்டி வருது."

"அது யார்ட சல்லி?"

"அப்பாவோட சேமலாபக் காசு. ரிட்டயர் ஆனப்போ கெடச்சது."

"யார்ட பேர்ல இருக்கு?"

"என் பேருல."

"அப்ப ஒங்கட வருமானம்."

நான் எழுந்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாள் எல்லாம் நான் மலையில் வெட்டின கவ்வாத்தும், குழி வெட்டினதும், மருந்து அடித்ததும் அந்த மேசையில் அவளுடைய வருமானம் ஆகிவிட்டன. அதைச் சொன்ன பிள்ளை தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உலைதான் சேரவில்லை, இதாவது சேர்ந்து கிடக்கிறதே என்று இருந்தது. பேங்க்காரர்கள் அந்த வட்டியில் வரி பிடிக்கிறார்களாம். நம்பர் எடுத்த பிறகு, மகள் தன் வருமானம் அந்த அளவுக்கு வராது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பேங்கில் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

கடைசியாக விலாசம் கேட்டார். மகளின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தோட்டத்துப் பேர் மட்டும்தான் இருக்கு. கடிதம் போட்டா ஒங்களுக்கு வருமா?"

"ஹட்டன்ல நான் வேலை செய்யிற கடை விலாசத்தைப் போடுங்க மிஸ்" என்றாள் மகள். என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். கங்காணி பேசியபோது சீப்பு ஏன் நின்றது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு வருகிற காசைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். நல்ல மனதோடுதான் சொல்கிறாள். ஆனால் எனக்கு ரயில் ஜன்னல்தான் தெரிந்தது. அண்ணனும் முதலில் காகிதத்தில்தான் போனான். அவன் காகிதத்தில் போன பிறகும் கொஞ்ச காலம் எங்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க. புள்ள என்கூடதான் இருக்கு" என்றேன்.

அந்தப் பிள்ளை கையை மேசையில் வைத்தார். "அப்பா, யார் கூட இருக்குறதுன்னு நாங்க கேக்குறது இல்ல. கடிதம் எங்க போட்டா ஆளுக்குக் கெடைக்கும், அதுதான் கேக்குறது."

"என்கிட்ட போட்டா கெடைக்குங்க."

மகள் குனிந்து என் காதோடு சொன்னாள். "அப்பா, ஒங்க காசு நின்னு போச்சுன்னா?"

"போகட்டும் பாப்பா."

"மருந்துக்கு?"

"நீ தரமாட்டியா?"

நான் விலாசம் சொன்னேன். தோட்டத்தின் பேர், மேல் டிவிசன், பீலிக்கரை லயம், தொங்கல் காம்பராவுக்கு முந்தின காம்பரா. கடைசிக் காம்பராவைத் தொங்கல் என்போம். அந்தப் பிள்ளை இரண்டு தடவை திருப்பிக் கேட்டு, எழுத்து எழுத்தாகத் தட்டினார். எங்கள் காம்பராவை இவ்வளவு விவரமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தட்டி முடித்து வாசித்துக் காட்டினார். சரியாக இருந்தது.

வரி ஆபிஸ்காரர்கள் யாரிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கொஞ்ச காலம் கழித்துக் கிராம சேவகர் வீடு வீடாக வந்து விவரம் எடுத்தார். அவர் கேட்டார், நான் சொன்னேன். இரண்டு பேர், மகள் ஹட்டன் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணி இருமிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு எனக்கு வருகிற காசு நின்றுவிட்டது.

"கேக்குறவன்கிட்ட சொன்னா பரவாயில்ல. நீ கேக்காதவன்கிட்டயும் மண்டபத்துல போய்ச் சொல்லிட்டு வந்த ஆளு" என்றார் கங்காணி. ஆனால் அன்றிலிருந்து வெற்றிலை போடும்போதெல்லாம் தன் பையை என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

மகள் மாதா மாதம் அந்தக் காசைவிடக் கூடவே தந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இரண்டு பேராக ஒரு மழைக்காலம் போனது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவள் பரீட்சையில் பாதி முடித்துவிட்டாள். அந்தக் கடை ஆடிட்டரே கொழும்பில் தெரிந்த ஒரு ஆபிசில் வேலைக்குச் சொல்லிவிட்டார். அங்கே வேலை செய்துகொண்டே மிச்சப் படிப்பை முடிக்கலாம். சம்பளமும் கூட. அவள் என்னிடம் கேட்டபோது, நான் ஏற்கனவே பதில் யோசித்து வைத்திருந்தேன். "போயிட்டு வா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுக்கவா அவளைப் படிக்க வைத்தேன்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் தூக்கினேன், பிறகு அவளே வாங்கிக்கொண்டாள். ரயில் வருவதற்குள் நிறையப் பேசினாள். காஸ் அடுப்பை எப்படி மூடுவது, எந்த மாத்திரை எந்த வேளை, போனில் பச்சைப் பொத்தானை அமுக்குவது. ரயில் நகர்ந்தபோது நான் பாலைப் பற்றி நினைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "ஜன்னல மூடிக்க, கரி விழும்" என்றேன். கரி ரயில் ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலை மூடினாள்.

அதற்குப் பிறகு இருக்கிற நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொடியில் அவளுடைய பழைய துவாய்த் துண்டு ஒன்று தொங்குகிறது. நான் எடுக்கவில்லை, எடுத்து என்ன செய்வது. மாவு பிசைந்தால் இரண்டு பேருக்குப் பிசைந்துவிடுகிறேன். மிச்ச ரொட்டியைக் காலையில் கோழிக்குப் போடுகிறேன், கோழி கங்காணியுடையது. ரேடியோப் பெண்ணுக்கு வணக்கம் சொல்வதோடு இப்போது போயிட்டு வாங்கம்மா என்றும் சொல்கிறேன். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் யாரும் இஸ்தோப்புக்குக்கூட வருவதில்லை. அந்த நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோகிறது. இருமிப் பார்த்துக்கொள்வேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு அவள் வருவாள். வந்ததும் லீவு முடிவதற்குள் இரண்டு பேரும் ஹட்டன் பேங்குக்குப் போவோம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே. அவள் எழுதிக் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்து ஒரு கடையில் தோசை சாப்பிடுவோம். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

போன தடவை அவள் வந்தபோது கங்காணிதான் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, நீயாச்சும் ஒங்கப்பாவுக்குச் சொல்லு. இப்ப தனி ஆளாத்தானே கெடக்குறாரு. திரும்ப விவரம் எடுக்க வரப் போறாங்களாம். ஒருத்தர்னு சொன்னா அந்தக் காசு மறுபடி கெடைக்கும்ல."

"நானும் அதைத்தான் மாமா சொல்றேன்" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "உண்மையைத்தானே சொல்லப் போறீங்க. மண்டபத்துல சொன்ன மாதிரி" என்றாள்.

"அப்ப அந்த வரி விலாசத்தையும் மாத்தணுமே" என்றேன். அதுதான் எனக்கு மனதில் முள்ளாக இருந்தது. அவள் கொழும்பில் தங்குகிற அறைக்கு நல்ல நம்பர் இருக்கிறது, தெருப் பேர் இருக்கிறது. கடிதம் நேரே கைக்குப் போகும்.

"மாத்தலாம். போன்லயே மாத்தலாம்."

"மாத்திட்டியா?"

அவள் துவாயைக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, திரும்பவும் கொடியிலேயே போட்டாள்.

"போர்டிங் ரூமை வருஷத்துக்கு ஒன்னு மாத்துறேம்பா. எந்த விலாசத்தைன்னு குடுக்குறது. இதுவே இருக்கட்டும். கடிதம் வந்தா வாங்கி வைங்க" என்றாள்.

அவள் போன பிறகு ஒரு கடிதம் வந்தது. தப்பால்காரர் லயத்து முனையிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். அவருக்கு இப்போது அந்த நீண்ட விலாசம் பழக்கமாகிவிட்டது. வரி ஆபிஸ் கடிதம் என்று அவர் சொன்னதைப் போனில் சொன்னேன். பத்திரமாக வையுங்கள் என்றாள். அரிசி டப்பாவுக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலையில் கிராம சேவகர் வந்தார். மழை விட்டிருந்தது. இஸ்தோப்பில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஏழு என்று அப்பா சொல்ல அவர் பின்னால் நின்றிருக்கிறேன். ஐந்து என்று சொல்லியிருக்கிறேன், மூன்று என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு என்று சொல்லிக் காசை விட்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணி இருமவில்லை.

"ஒருத்தர்" என்றேன்.

"மக?"

"கொழும்புலங்க. அங்க வேலை, படிப்பு ரெண்டும்." அவர் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டுச் சொன்னேன். "கடிதம் மட்டும் இங்கதாங்க வரும்."

"அது இதுல எழுதுறதில்ல ஐயா" என்றார் அவர். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலே கங்காணியின் குரல் வந்தது.

"மச்சான், சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எத்தனைன்னு?"

அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுத்தான் கேட்கிறார். நான் ரொட்டி மாவை எடுத்து, பிசைகிற வட்டாவில் கொட்டினேன். பிறகு பாதியை அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டேன்.